துக்க வீட்டின் இனிப்பு

துருக்கி தேசத்தில் ஒரு வீட்டில் மரணம் சம்பவித்து, அடக்கம் முடிந்து, போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும் வேளையில், அந்த வீட்டு அடுப்பில் வெண்ணெய் உருகத் தொடங்கும். உருகிய வெண்ணெயில் கோதுமை மாவையோ ரவையையோ கொட்டி, அது வெளுப்பு மாறிப் பொன்னிறமாகி, பொன்னிறமும் கடந்து செம்மண் நிறத்தை எட்டும் வரையில் மரக்கரண்டியால் இடைவிடாது கிளறுவார்கள். ஒருத்தியின் கை ஓய்ந்தால் இன்னொருத்தி கரண்டியை வாங்கிக்கொள்வாள். வாங்கிக்கொள்ளும் ஒவ்வொருத்தியும் இறந்தவரை மனத்தில் நினைத்து ஃபாத்திஹா என்னும் பிரார்த்தனையை ஓதிக்கொண்டே கிளறுவாள். நன்றாக வறுபட்ட பிறகு சர்க்கரைப் பாகையோ, சர்க்கரை கரைத்த பாலையோ ஊற்றி, சீறி அடங்கும் பாத்திரத்தை மூடிச் சற்று நேரம் புழுங்கவிட்டு, தட்டுகளில் எடுத்து வைத்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அனுப்புவார்கள். நம் அல்வாவுக்குப் பெயரால் உறவான இதை அவர்கள் ஹெல்வா என்கிறார்கள். மாவு வறுபடும் மணம் இறந்தவருடைய ஆன்மாவைச் சென்று சேருகிறது என்பது அங்கே தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. 7-ஆம் நாளும், 40-ஆம் நாளும், 52-ஆம் நாளும் இதே காரியத்தைத் திரும்பச் செய்கிற குடும்பங்கள் பல.

இனிப்பைச் சந்தோஷத்தோடு சேர்த்தே பார்த்துப் பழகிய மனத்துக்கு இது விளங்காத சம்பிரதாயமாகத்தான் தோன்றும். பிறப்பு, விவாகம், பரீட்சையில் தேர்ச்சி என்று நல்ல செய்தி ஒன்று வந்தால் கேட்டவர் வாயை இனிக்கச் செய்வதும், கெட்ட செய்தி வந்தால் இனிப்பைக் கண்ணிலும் காணாமல் ஒதுக்கிவிடுவதும் மனித சுபாவத்துக்கு ஒத்தவை என்று நாம் எண்ணியிருக்கிறோம். துருக்கியரும் சந்தோஷத்துக்கு இனிப்பு வழங்குகிறவர்கள்தாம். அந்தக் கலையில் அவர்கள் எடுத்துக்கொண்ட சிரத்தை உலகம் அறிந்தது. அப்படிப்பட்டவர்கள் துக்கத்தின் நடுவிலும் அதே சர்க்கரையைக் கையில் எடுக்கிறார்கள் என்றால், இனிப்புக்கு அவர்கள் கொடுத்திருக்கும் ஸ்தானம் நாவின் இன்பத்தைவிட ஆழமான ஓரிடத்தில் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அந்த இடம் எது என்று விசாரிப்பது பயனுள்ள காரியம் என்று நினைக்கிறேன்.

மரணம் நடந்த வீட்டில் சில நாட்கள் வழக்கமான சமையல் நடப்பதில்லை. அண்டை வீட்டார் முறைவைத்துச் சோறும் குழம்பும் ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்து, துக்கத்தில் இருப்பவர்களையும், துக்கம் விசாரிக்க வந்தவர்களையும் பசியாற்றுவார்கள். ஆகவே அந்த நாட்களில் வெளியிலிருந்து உள்ளே வருவது உணவு. உள்ளிருந்து வெளியே செல்வது ஹெல்வா. இந்தப் பரிமாற்றத்தில் மிக நுட்பமான ஒரு தர்மம் இருக்கிறது. துக்கத்தில் அகப்பட்ட மனிதனுக்கு நேரக்கூடிய பெரிய ஆபத்து, தான் இனிப் பிறருடைய இரக்கத்தைப் பெற்றுக்கொண்டு கிடக்க வேண்டியவன் என்று எண்ணிச் சுருங்கிப்போவதுதான். எதையும் கொடுக்க இயலாத நிலையில் இருக்கும் அந்த வீட்டை, அந்த நிலையிலேயே கொடுக்கும் வீடாக நிறுத்திவிடுகிறது இச்சம்பிரதாயம். பெற்றுக்கொள்ளும் அண்டை வீட்டாரோ, ஒரு கரண்டி ஹெல்வாவை வாயில் இட்டதும் இறந்தவருக்காகப் பிரார்த்திக்கக் கடமைப்பட்டுவிடுகிறார்கள். ஒரு குடும்பத்தின் இழப்பு அன்று மாலைக்குள் ஒரு தெருவின் இழப்பாகிவிடுகிறது.

ஈஜியன் கடற்கரையிலுள்ள இஸ்மிர் நகரத்தில் இதே தர்மம் தெருவை விட்டு ஊருக்கே விரிகிறது. இறந்தவர் பெயரால் நடுவீதியில் பெரிய எண்ணெய்ச் சட்டியை ஏற்றி, புளித்த மாவை உருண்டை உருண்டையாகவோ வளையமாகவோ விட்டுப் பொரித்து, பாகில் போட்டெடுத்து, போவோர் வருவோர் அனைவருக்கும் சுடச்சுட வழங்குவார்கள். லோக்மா என்பது இதன் பெயர். வரிசையில் நிற்பவர்களில் இறந்தவரை அறிந்தவர் சிலர். அவர் முகத்தை ஒருநாளும் பார்த்திராதவர் பலர். வேலைக்குப் போகிறவர், பள்ளிச் சிறுவர், வழிப்போக்கர் என்று எல்லோரும் வாங்கி உண்டு, இறைவன் அவருக்கு அருள்புரியட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடப்பார்கள். தான் அறியாத ஒருவனுக்காகப் பிரார்த்திக்கும்படி ஒரு மனிதனை உபதேசத்தால் இணங்கச் செய்வது கடினம்; ஒரு லோக்மா அதை அநாயாசமாகச் செய்துவிடுகிறது.

இந்த விசாரணையை இன்னும் ஆழமாகக் கொண்டுசெல்லக்கூடிய பதார்த்தம் அஷூரே. ஹிஜ்ரி ஆண்டின் முதல் மாதமாகிய முஹர்ரத்தின் 10-ஆம் நாளிலும் அதையடுத்த நாட்களிலும் துருக்கியின் வீடுகளில் இது சமைக்கப்படுகிறது. பிரளய வெள்ளம் வடிந்து, நூஹ் நபியின் கப்பல் மலைமேல் தங்கியபோது, கப்பலின் களஞ்சியத்தில் எஞ்சியிருந்த தானியத்திலும் பருப்பிலும் உலர்ந்த பழத்திலும் எதுவும் தனியே ஒரு வேளைக்குப் போதாமல் இருந்ததாகவும், எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுச் சமைத்து, உயிர் தப்பியவர்கள் அனைவரும் சேர்ந்து உண்டதாகவும் கர்ண பரம்பரையாக ஒரு கதை உண்டு. தோல் நீக்கிய கோதுமையை முதல்நாள் இரவே ஊறப்போட்டு, மறுநாள் குழைய வேகவைத்து, தனித்தனியே வெந்த கொண்டைக்கடலையையும் வெள்ளைப் பயறையும் அதில் சேர்த்து, உலர்ந்த ஆப்ரிகாட் பழம், அத்தி, திராட்சை, ஆரஞ்சுத் தோல், கிராம்பு, சர்க்கரை ஆகியவற்றை இட்டுக் கொதிக்கவிட்டு, கிண்ணங்களில் ஊற்றி ஆறியபின், மேலே மாதுளை முத்துக்களும் வால்நட் பருப்பும் பட்டைத் தூளும் தூவுவார்கள். ஆற ஆறக் கோதுமையின் பசையே அதை இறுகச் செய்துவிடும்.

அஷூரே செய்யும் முறையை ஊன்றிக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். அதைக் கொஞ்சமாகச் செய்ய முடியாது. பத்துப் பன்னிரண்டு வகைப் பொருள்களில் ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்தாலே பாத்திரம் நிரம்பிவிடும். ஊறிய கோதுமையோ வேக வேகப் பெருகிக்கொண்டே போகும். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு அஷூரே சமைக்கப் புகுகிறவள் நாற்பது பேருக்குச் சமைத்துவிட்டுத்தான் அடுப்பிலிருந்து இறக்குவாள். பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற விதியை ஒருவரும் எழுதி வைக்க வேண்டியதில்லை. அந்தப் பதார்த்தத்தின் இயல்பிலேயே அது அடங்கியிருக்கிறது. ஹெல்வாவும் இப்படித்தான்: அதன் மாவை ஒரே கையால் கடைசிவரை கிளறுவது அரிது என்பதனாலேயே பல கைகள் அடுப்பைச் சூழ்கின்றன. சமூகத்தின் நல்லொழுக்கங்களில் நீடித்து நிற்பவை சட்டத்திலோ உபதேசத்திலோ இருப்பதைக் காட்டிலும், இப்படிப் பாத்திரத்தின் அளவிலும் கரண்டியின் கனத்திலும் ஒளிந்திருப்பவைதாம் என்று தோன்றுகிறது.

கிண்ணங்களைத் தட்டில் அடுக்கிக் குழந்தைகளிடம் கொடுத்து அண்டை வீடுகளுக்கு அனுப்புவது வழக்கம். வாங்கிக்கொண்ட வீட்டார் அந்தக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது மரியாதை ஆகாது. தாங்கள் செய்த அஷூரேயோ, பழமோ, ஒரு துண்டு பலகாரமோ அதில் ஏறித்தான் திரும்பும். ஒரே தெருவில் பத்து வீட்டு அஷூரே பத்து வீட்டுக்கும் போய் வருகிறது. எல்லாம் ஒரே பண்டந்தானே, ஏன் இந்த வீண் அலைச்சல் என்று கணக்குப் பார்க்கிறவன் கேட்கலாம். ஒரு வீட்டில் அத்தி மிகுந்திருக்கும், இன்னொரு வீட்டில் பன்னீர் மணக்கும். ஒன்று நீர்த்திருக்கும், மற்றொன்று கெட்டியாயிருக்கும். அந்தச் சிறு வேற்றுமைகளின் மூலமாக ஒவ்வொரு வீடும் மற்ற வீட்டின் கைப்பக்குவத்தை ஆண்டுக்கு ஒருமுறை அறிந்துகொள்கிறது. கொடுத்தவன் உயர்ந்தான், வாங்கினவன் தாழ்ந்தான் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை, ஏனெனில் சூரியன் மறைவதற்குள் எல்லோரும் கொடுத்தவர்கள், எல்லோரும் வாங்கியவர்கள்.

இதே முஹர்ரம் மாதத்தில், இதே அஷூரே, துருக்கிய முஸ்லிம்களில் ஒரு பிரிவினரான அலெவி மக்களின் வீடுகளில் வேறோர் உணர்வோடு சமைக்கப்படுகிறது. கி.பி. 680-இல் கர்பலாவில் நபிகள் நாயகத்தின் பேரர் ஹுசைனும் அவரைச் சேர்ந்தவர்களும் கொல்லப்பட்ட துயரத்தை நினைந்து, அவர்கள் 12 நாட்கள் நோன்பிருந்து, மாமிசத்தை ஒதுக்கி, கேளிக்கைகளைத் தவிர்த்து, கர்பலாவின் தாகத்தை எண்ணித் தண்ணீரைத் தண்ணீராகக் குடிப்பதையும் விட்டு விரதம் காப்பார்கள். விரதம் முடிந்ததும், தாங்கள் போற்றும் 12 இமாம்களின் நினைவாக 12 பொருள்களை இட்டு அஷூரே சமைத்து, வந்தவர்க்கெல்லாம் வழங்குவார்கள். ஹுசைனின் புதல்வர் ஜைனுல் ஆபிதீன் அந்தக் கொலைக்களத்தில் உயிர் தப்பினார் என்பதற்குரிய நன்றியும் அந்தப் பாத்திரத்தில் கலந்திருக்கிறது. ஒரே கிண்ணத்தில் துக்கமும் நன்றியும் பிரிக்க முடியாதபடி சேர்ந்து வெந்திருக்கின்றன. பிரளயக் கதையும் அத்தகையதே: மூழ்கிப்போன உலகத்துக்கான துக்கமும், கரையேறியவர்களின் நன்றியும் சேர்ந்ததுதான் அதன் சாரம்.

கோதுமையை வேகவைத்து இனிப்பிட்டு வழங்கும் வழக்கம் அந்த மண்ணில் ஒரு மதத்தாருக்கு மட்டும் உரியதன்று. ஆர்மீனியக் கிறிஸ்தவர்கள் அஷூரேக்கு நெருங்கிய உறவான அனுஷாபூரை ஆண்டுப் பிறப்புக்கும் கிறிஸ்து ஜயந்திக்கும் செய்கிறார்கள். கிரேக்கத் திருச்சபையார் இறந்தவர்களின் நினைவு நாளில் வேகவைத்த கோதுமையைச் சர்க்கரையோடும் மாதுளையோடும் கலந்து, தேவாலயத்தில் ஆசீர்வதித்து விநியோகிக்கிறார்கள். குழந்தைக்கு முதற்பல் முளைத்தால் துருக்கிய வீட்டில் கோதுமை அவித்துச் சர்க்கரையும் பருப்பும் தூவி அண்டை வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். தென்கிழக்கு அனடோலியாவின் கராஜதா மலைச்சாரலில் விளைந்த காட்டுக் கோதுமையிலிருந்தே மனிதன் முதன்முதலாகப் பயிரிட்ட ஒருவகைக் கோதுமை தோன்றியது என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். அந்த மண்ணில் வழிபாடுகள் மாறின, பாஷைகள் மாறின, ராஜ்யங்கள் மாறின. பிறப்பையும் இறப்பையும் ஒரு கிண்ணம் கோதுமையால் அண்டை வீட்டாருக்கு அறிவிக்கும் வழக்கம் மட்டும் எல்லாருக்கும் பொதுவாக நின்றுவிட்டது.

இவ்வளவும் சமமானவர்களுக்குள் பக்கவாட்டில் நடைபெறும் கொடை. மேலிருந்து கீழே இறங்கும் கொடையையும் துருக்கியின் சரித்திரத்தில் காணலாம். இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையின் சமையற்கட்டில் இனிப்புகளுக்கும் பாகுகளுக்கும் லேகியங்களுக்கும் என்றே ஹெல்வாஹானே என்னும் தனிப்பகுதி இருந்தது. 1582-இல் மூன்றாம் முராத் சுல்தான் தம் மகனுடைய சுன்னத்தை முன்னிட்டு 50 நாட்களுக்கு மேல் நடத்திய பெருவிழாவில், சர்க்கரையாலேயே செய்த மிருகங்களையும் தோட்டங்களையும் ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். இவற்றையெல்லாம்விட நம் விஷயத்துக்குப் பொருத்தமானது பக்லாவா என்னும் அடுக்கு இனிப்பின் ஊர்வலம். ரமலான் மாதத்தின் 15-ஆம் நாளன்று, நபிகள் நாயகத்தின் மேலங்கி என்று போற்றிப் பாதுகாக்கப்படும் புனித வஸ்திரத்தைச் சுல்தான் தரிசித்த பிறகு, அவருடைய யெனிச்சேரிப் படையினருக்கு 10 பேருக்கு ஒரு தட்டு வீதம் பக்லாவா அளிக்கப்படும். துணியில் கட்டிய தட்டைக் கழியில் கோத்து இருவர் இருவராகத் தோளில் தாங்கி, வீரர்கள் ஆரவாரத்தோடு படைவீடுகளுக்கு அணிவகுத்துச் செல்ல, அதைக் காண ஜனங்கள் வீதியின் இருமருங்கும் கூடுவார்கள்.

அந்த இனிப்பில் அன்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் அச்சமும் கலந்திருந்தது. யெனிச்சேரிப் படையில் சமையல் கொப்பரை கொடிக்கு நிகரான கௌரவம் உடையது. தளபதிகளின் பட்டப் பெயர்களே சமையலறையிலிருந்து வந்தவை. சுல்தானின் உணவை ஏற்பது விசுவாசத்தின் அறிகுறி. கொப்பரையைக் கவிழ்ப்பது கலகத்தின் பிரகடனம். எனவே ஆண்டுதோறும் அந்தத் தட்டுகள் அரண்மனை வாசலைக் கடந்தபோது, கொடுப்பவனும் வாங்குபவனும் ஒருவரையொருவர் அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1826-இல் இரண்டாம் மஹ்மூத் சுல்தான் யெனிச்சேரிப் படையை ரத்த வெள்ளத்தில் கலைத்தார். ஊர்வலமும் அத்துடன் மறைந்தது. அதிகாரத்தைக் காப்பதற்காக வழங்கப்பட்ட இனிப்பு அந்த அதிகாரத்தின் தேவை தீர்ந்ததும் போய்விட்டது. எந்தச் சக்கரவர்த்தியின் ஆணையும் இல்லாமல் வீட்டிலிருந்து வீட்டுக்குச் சென்ற கிண்ணமோ, சாம்ராஜ்யம் அழிந்து குடியரசு வந்த பிறகும் போய்வந்துகொண்டிருக்கிறது.

அரண்மனையை விட்டிறங்கிய பக்லாவா ஜனங்களின் பண்டிகையில் நிலைபெற்றது. காஸியான்தெப் நகரத்தின் கைதேர்ந்த ஆசான்கள், மாவை நீண்ட மெல்லிய உருட்டுக் கட்டையால் மறுபுறம் தெரியுமளவுக்குத் தேய்த்து, அடுக்கின்மேல் அடுக்காக வைத்து, முற்றாத பச்சைப் பிஸ்தாவை நடுவில் நிரப்பி, நெய் விட்டுச் சுட்டுப் பாகு ஊற்றுகிறார்கள். அந்நகரத்துப் பக்லாவாவின் பெயருக்கு 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பு அளித்தது. துருக்கியப் பொருள்களில் இந்த அங்கீகாரத்தைப் பெற்ற முதற்பொருள் அதுவே. ரமலான் முழுவதும் மாச்சத்துத் தாள்களைப் பாலிலும் பன்னீரிலும் நனைத்துச் செய்யும் குல்லாச்சை உண்டு நோன்பிருந்தவர்கள், நோன்பு முடிந்ததும் வரும் 3 நாள் பெருநாளைச் சர்க்கரைப் பெருநாள் என்றே அழைக்கிறார்கள். சிறுவர்கள் வீடு வீடாகச் சென்று பெரியவர்களின் கையை முத்தமிட்டுத் தம் நெற்றியில் ஒற்றிக்கொள்ள, பெரியவர்கள் மிட்டாயும் சில்லறையும் கொடுத்து ஆசி கூறுகிறார்கள். வந்தவர் எவரானாலும் ஒரு துண்டேனும் வாயில் இடாமல் போக விடுவதில்லை.

வாழ்க்கையின் மற்றக் கட்டங்களும் இவ்வாறே. பிள்ளை பெற்றவளைக் காண வருபவர்களுக்குப் பட்டையும் கிராம்பும் மணக்கும் சிவந்த ஷெர்பெத் தருகிறார்கள். பெண் கேட்க வருகிற வீட்டார் இனிப்புப் பெட்டியோடுதான் படியேறுகிறார்கள். இனிப்பை உண்போம், இனிமையாகப் பேசுவோம் என்பது அத்தகைய வேளைகளில் அங்கே வழங்கும் பழமொழி. 1409-இல் புர்ஸா நகரத்து சுலைமான் செலெபி நபிகள் நாயகத்தின் பிறப்பைப் பாடி இயற்றிய மௌலிது காவியம், பிறப்புக்கும் இறப்புக்கும் ஒருங்கே ஓதப்படுகிறது. ஓதி முடிந்ததும் கூடியிருப்போர் கையில் பன்னீர் தெளித்து, காகிதக் கூம்பில் மிட்டாய் தருகிறார்கள். 1777-இல் கஸ்தமோனுப் பகுதியிலிருந்து இஸ்தான்புல்லுக்கு வந்து பாஹ்சேகாப்பியில் கடை வைத்த ஹாஜி பெகிரின் பெயரால் பிரசித்தமான லோகும் என்னும் மிட்டாய், இன்று காப்பித் தட்டின் ஓரத்தில் அமர்ந்து ஒவ்வொரு விருந்தாளியையும் வரவேற்கிறது.

இந்தக் கொடைகளுக்கெல்லாம் ஏராளமான செல்வம் பின்னணியில் இருந்ததாக எண்ணிவிடக் கூடாது. சர்க்கரை நெடுங்காலம் விலையுயர்ந்த சரக்கு. அனடோலியக் கிராமத்தான் திராட்சைச் சாற்றைக் காய்ச்சிய பெக்மெஸ்ஸையும், கிடைத்தபோது தேனையும் கொண்டே தன் இனிப்பைச் செய்துகொண்டான். அல்புல்லுவிலும் உஷாக்கிலும் குடியரசின் முதல் சர்க்கரை ஆலைகள் இயங்கத் தொடங்கியது 1926-இல்தான். அரிதான பொருளைத் தன் வீட்டுக்குள் பூட்டி வைத்துக்கொள்வதற்குக் காரணம் கற்பிக்க வேண்டியதில்லை. அரிதாயிருந்த காலத்திலேயே அதை வெளியே அனுப்பப் பழகிய ஜனங்களின் மனப்பான்மைதான் சிந்தித்துப் பார்க்கத் தகுந்தது.

இன்றைய நிலையையும் சொல்ல வேண்டும். நகரங்களில் அடுக்குமாடி வீடுகள் பெருகி, ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் வாழ்கிறார்கள். அஷூரே இப்போது பாலினிப்புக் கடைகளில் ஒருவருக்கு ஒரு கிண்ணம் என்ற அளவில் எந்த மாதத்திலும் விற்பனைக்குக் கிடைக்கிறது. முஹர்ரத்தில் நகராட்சிகள் சதுக்கங்களில் பெரிய கொப்பரைகளை ஏற்றிக் காகிதக் கிண்ணங்களில் ஆயிரக்கணக்கானோருக்கு வழங்குகின்றன. இந்தப் பொது விநியோகத்தை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. தனித்து வாழும் முதியவருக்கும், ஊருக்குப் புதியவருக்கும் அன்றைக்கு அஷூரே கிடைக்கும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம். ஆயினும் அது அண்டை வீட்டுக் கிண்ணத்தின் ஸ்தானத்தை அடைய முடியாது. காகிதக் கிண்ணத்துக்குத் திரும்பிப்போக வேண்டிய வீடு இல்லை. அதில் எதையேனும் நிரப்பி அனுப்ப வேண்டிய கடமையும் வாங்கினவனுக்கு இல்லை. பழைய பக்லாவா ஊர்வலத்தைப் போல அதுவும் மேலிருந்து கீழே வரும் கொடைதான், அச்சம் நீங்கியது என்றாலும்.

ஆகையால் நாம் தொடங்கிய கேள்விக்கு விடை இவ்வாறு அமைகிறது. அந்த ஜனங்களுக்கு இனிப்பு, மனிதன் தனக்கு நேர்ந்ததற்கு அண்டை வீட்டானைச் சாட்சியாக்கிக்கொள்ளும் சாதனம். பிறந்தது, பல் முளைத்தது, நிச்சயமானது, நோன்பு நிறைந்தது, இறந்தது, வெள்ளத்தில் தப்பியது என்று எதுவானாலும், இன்னொருவன் அதை உண்டு, அதற்கொரு வார்த்தை சொன்னால்தான் அது முழுமையாக நேர்ந்ததாகிறது. சந்தோஷத்துக்குச் சாட்சி தேவை. துக்கத்துக்கு அதைவிட அதிகமாகத் தேவை. அதனால்தான் சந்தோஷ வீட்டைக் காட்டிலும் துக்க வீட்டில் அந்தக் கரண்டி ஓயாமல் சுழல்கிறது. எந்தத் தேசத்திலானாலும், சமைக்கிற பாத்திரம் குடும்பத்தைவிடப் பெரியதாக இருக்கும் வரையில் இந்தத் தர்மத்துக்கு அழிவில்லை. வசதிக்காக அதைச் சிறிதாக்கிக்கொள்ளும் சமூகம், இனிப்பை மட்டுமின்றித் தன் துக்கத்தையும் தனியே உண்டு தீர்க்க வேண்டியதாகும்.